கேமராவும் கம்ப்யூட்டரும் ஒரே கையில்: கேரத் எட்வர்ட்ஸ் வந்த வழி

விடுமுறைக்குப் போன இடத்தில், மீனவர்கள் சிலர் கடலிலிருந்து வலை இழுப்பதைப் பிரிட்டிஷ் சினிமா இயக்குநர் கேரத் எட்வர்ட்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார். வலை லேசில் வரவில்லை. ஆனாலும் இழுப்பவர்கள் தங்களுக்குள் பேசிச் சிரித்தபடியே இழுத்தார்கள். அந்த வலையில் மீனுக்குப் பதில் ஒரு ராட்சத ஜந்துவின் உடல் சிக்கியிருந்தால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. அப்போதும் அவர்கள் இதே மாதிரி சிரித்துக்கொண்டே இழுத்தால்? ராட்சதர்கள் பூமிக்கு வந்து பல வருடங்களாகி, மனிதர்களுக்கு அது பழகியே போயிருந்தால்?

2010இல் வந்த ‘மான்ஸ்டர்ஸ்’ படத்தின் விதை இதுதான் என்று எட்வர்ட்ஸ் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நான் இந்தச் சம்பவத்தில் கதையின் விதையை மட்டும் பார்க்கவில்லை. அவர் வேலை செய்யும் முறையே இதில் இருக்கிறது. முதலில் நிஜமான கடற்கரை, நிஜமான ஆட்கள், அவர்கள் பாட்டுக்குச் செய்யும் நிஜமான வேலை. கற்பனை அதற்கு மேல், கடைசியாக வந்து உட்காருகிறது. அறிவியல் புனைவுப் படங்கள் வழக்கமாக இதற்கு நேர் தலைகீழாகத்தான் எடுக்கப்படுகின்றன. ஓவியர்கள் முதலில் அந்த உலகத்தை வரைவார்கள். அந்த ஓவியத்தைப் பார்த்து செட் போடுவார்கள், அல்லது பின்னணியைப் பிறகு கம்ப்யூட்டரில் சேர்த்துக்கொள்ளப் பச்சைத் துணி கட்டுவார்கள். நடிகர்கள் இல்லாத ஒன்றைப் பார்த்து மிரள்வார்கள். பணம் கோடிக்கணக்கில் கரைவது அந்த வரிசையில்தான்.

எட்வர்ட்ஸ் 1975இல் இங்கிலாந்தின் வாரிக்‌ஷையர் பகுதியில் உள்ள நனீட்டன் என்ற ஊரில் பிறந்தார். சிறுவயதில் ‘ஸ்டார் வார்ஸ்’ பார்த்து சினிமா பைத்தியம் பிடித்தவர். இப்படிச் சொல்லும் இயக்குநர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் இவர் தன் 30ஆவது பிறந்தநாளுக்கு, அந்தப் படத்தின் நாயகனுடைய வீடு படமாக்கப்பட்ட துனிசியாவுக்கே பயணம் போனவர். சர்ரே கலை, வடிவமைப்புக் கல்லூரியில் சினிமா படித்து 1996இல் வெளியே வந்தார். படிக்கும் காலத்தில் கூடத் தங்கியிருந்த ஒருவர் கம்ப்யூட்டர் அனிமேஷன் கற்றுக்கொண்டிருந்தார். இனி சினிமா இந்தப் பக்கம்தான் போகும் என்று எட்வர்ட்ஸுக்குப் பட்டிருக்கிறது. கம்ப்யூட்டர் வாங்கி வீட்டிலேயே உட்கார்ந்து சி.ஜி. எனப்படும் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் கற்றார். ஒன்றிரண்டு வருடத்தில் சொந்தப் படம் எடுத்துவிடலாம் என்ற கணக்கு. அது பத்து வருடத்துக்கு மேல் இழுத்தது.

அந்தப் பத்து வருடமும் வீணாகப் போகவில்லை. பி.பி.சி.யிலும் டிஸ்கவரியிலும் வந்த வரலாற்று, பேரழிவு ஆவணத் தொடர்களுக்கு அவர் விஷுவல் எஃபெக்ட்ஸ் செய்துகொண்டிருந்தார். டிவி வேலையில் பணமும் குறைவு, நாளும் குறைவு. ஒரு பேரலையையோ ஒரு ரோமானிய நகரத்தையோ நாலு நாளில் செய்து கொடு என்றால், ஃபிரேமின் எந்த மூலையில் பார்வையாளரின் கண் நிற்கும், எந்த மூலையை அது கவனிக்கவே கவனிக்காது என்பது கைப்பழக்கமாகிவிடும். கூடவே இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. கைகளில் ஏந்தி ஆட்டி ஆட்டி எடுத்த ஷாட்டில்கூட, கேமரா எப்படி நகர்ந்தது என்பதைக் கணக்கிட்டு, வரைந்த பொருளை அதே ஆட்டத்தோடு பொருத்தும் ‘மேட்ச்மூவ்’ மென்பொருள்கள் சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டருக்கே வந்துவிட்டன. அதற்கு முன்பெல்லாம் கிராஃபிக்ஸ் ஷாட் என்றால் கேமரா அசையாமல் நிற்க வேண்டும், அல்லது இயந்திரத்தில் பூட்டி நகர்த்த வேண்டும். அந்தக் கட்டு அவிழ்ந்ததைச் சரியான நேரத்தில் பார்த்துப் பிடித்துக்கொண்டவர்களில் எட்வர்ட்ஸ் ஒருவர்.

2008இல் பி.பி.சி.யின் வரலாற்றுத் தொடர் ஒன்றில், ஹூணர்களின் மன்னன் அட்டிலா பற்றிய படத்தை இயக்கும் வாய்ப்பு வந்தது. எஃபெக்ட்ஸையும் அவரே செய்தார். அதே வருடம் லண்டன் அறிவியல் புனைவுத் திரைவிழாவின் 48 மணி நேரப் போட்டியில் கலந்துகொண்டார். தலைப்பு, ஒரு வசனம், ஒரு பொருள் ஆகியவற்றைக் கையில் கொடுத்துவிடுவார்கள். இரண்டு நாளில் குறும்படம் முடிந்தாக வேண்டும். அவருடைய படம்தான் ஜெயித்தது. சிறு படங்கள் தயாரிக்கும் பிரிட்டிஷ் நிறுவனமான வெர்டிகோ ஃபிலிம்ஸ் அவரை நம்பி இறங்கியது.

‘மான்ஸ்டர்ஸ்’ கதை எளியது. வேற்றுக்கோள் உயிர்களின் மாதிரியோடு திரும்பிய விண்கலம் ஒன்று மெக்சிகோ மேல் உடைந்து விழுந்து ஆறு வருடமாகிறது. மெக்சிகோவில் பாதி, தடை செய்யப்பட்ட பகுதி. அமெரிக்கா எல்லையில் பிரம்மாண்டச் சுவர் எழுப்பியிருக்கிறது. ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரன் தன் முதலாளியின் மகளை ஊர் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கப்பலில் போக முடியாததால் தடைப் பகுதி வழியாகவே போகிறார்கள். அவ்வளவுதான்.

இதை எடுத்த விதம்தான் ஆச்சரியம். பட்ஜெட் 5 லட்சம் டாலருக்கும் குறைவு என்றே செய்திகள் வந்தன. மெக்சிகோ, குவாத்தமாலா, பெலிஸ் என்று ஒரு வேனில் சுற்றியவர்கள் ஏழெட்டுப் பேர்தான். எட்வர்ட்ஸ் கையில் கேமரா. இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் அவரே. ஒலிப்பதிவுக்கு ஒருவர், தயாரிப்பு மேற்பார்வைக்கு ஒருவர், உள்ளூரில் ஆள் பிடித்துக் கொடுக்க ஒருவர், வண்டி ஓட்ட ஒருவர், இரண்டு நடிகர்கள். ஸ்கூட் மெக்நேரியும் விட்னி ஏபிளும் அப்போது நிஜத்திலேயே காதலர்கள். அதற்காகவே அவர்களை எட்வர்ட்ஸ் தேர்ந்தெடுத்தார், ஏனென்றால் இருவருக்கிடையே உள்ள நெருக்கத்தை நடித்துக் காட்டச் சொல்ல வேண்டியதில்லை. கேமரா சோனி இ.எக்ஸ்.3, அதன் முன்னால் அடாப்டர் மாட்டி, ஸ்டில் கேமராவின் நிக்கான் லென்ஸ்களைப் பொருத்தியிருந்தார். எழுதி முடித்த வசனம் கிடையாது. இந்தக் காட்சியில் கதை எங்கே போய் நிற்க வேண்டும் என்பது மட்டும் முடிவாகியிருக்கும். பேச்சு அந்தந்த இடத்தில் பிறந்தது. படத்தில் வரும் டிக்கெட் விற்பவர், காவல்காரர், படகுக்காரர் எல்லோரும் பெரும்பாலும் அங்கே கிடைத்த ஆட்கள்தான். படத்தொகுப்பாளர் காலின் கூடி பின்னாலேயே வந்து, அன்றன்று எடுத்ததை இறக்கிக்கொண்டு மெமரி கார்டுகளைக் காலி செய்து கொடுப்பார். மறுநாள் அவையே மறுபடி கேமராவுக்குள் போகும்.

இப்படிச் சேர்ந்தது 100 மணி நேரத்துக்கும் மேற்பட்ட ஃபுட்டேஜ். முதல் வெட்டு நாலு மணி நேரத்தைத் தாண்டியது. அதைச் செதுக்கி 94 நிமிடமாக்கினார்கள். அதற்குப் பிறகுதான் எட்வர்ட்ஸ் வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். எஃபெக்ட்ஸ் ஷாட்டுகள் சுமார் 250. எல்லாம் அவர் ஒருவர் கைவேலை. சாதாரண சாலைப் பலகை ‘அபாயப் பகுதி’ எச்சரிக்கையாக மாறியது. வெறும் வானத்தில் ஹெலிகாப்டர் பறந்தது. ஒரு மலைச்சரிவில் சுவர் எழுந்தது. 2008இல் ஐக் புயல் சிதைத்துப் போட்ட டெக்சாஸின் கால்வெஸ்டன் பகுதியின் இடிபாடுகள், ராட்சதர்கள் மிதித்த ஊராகின. இந்தக் கடைசி விஷயம் எனக்குக் கொஞ்சம் உறுத்தும். அங்கே நிஜமாகவே யாரோ வீடிழந்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் காட்சியில் இரண்டு நடிகர்களும் பேச்சற்று நடப்பதைப் பார்த்தால், அவர்களும் அதை உணர்ந்தே நடந்திருக்கிறார்கள் என்று தோன்றும். எந்த செட்டும் அந்த மௌனத்தைக் கொடுத்திருக்காது.

இங்கே ஷேன் கரூத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் டல்லஸில், மென்பொருள் வேலை பார்த்துக்கொண்டிருந்த கணிதப் பட்டதாரி அவர். ‘பிரைமர்’ என்ற காலப்பயணப் படத்தை 7 ஆயிரம் டாலரில் எடுத்து, சுயாதீனப் படங்களுக்கான அமெரிக்கத் திரைவிழாவான சன்டான்ஸில் 2004இல் பெரும் பரிசை வென்றார். அவருக்கும் ஆள்பலம் இல்லை, பணம் இல்லை. ஆனால் அவர் எடுத்தது 16 மி.மீ. ஃபிலிமில். ஃபிலிமுக்குக் காசு, கழுவுவதற்குக் காசு. எனவே 77 நிமிடப் படத்துக்கு அவர் ஓட்டிய ஃபிலிம் 80 நிமிட அளவுதான்! கிட்டத்தட்ட எல்லாமே ஒரே டேக். ஒவ்வொரு ஷாட்டையும் முன்கூட்டியே ஸ்டில் படமாக எடுத்து வைத்துத் திட்டமிட்டார். எட்வர்ட்ஸோ 94 நிமிடத்துக்கு 100 மணி நேரம் எடுத்தார். இருவரும் ஏழைத் தயாரிப்புக்காரர்கள்தான். ஆனால் ஒருவரிடம் ஃபிலிம் தட்டுப்பாடு, மற்றவரிடம் மெமரி கார்டு தாராளம். அதனால் ஒருவர் படம் கடிகாரம் மாதிரி இறுகியிருக்கிறது, மற்றவர் படம் பயணக் குறிப்பு மாதிரி அலைகிறது. சுயாதீன சினிமாவின் அழகியலைப் பற்றிப் பேசும்போது ரசனையைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எது மலிவு, எது விலை அதிகம் என்பதிலிருந்துதான் அதில் பாதி பிறக்கிறது என்பது என் எண்ணம்.

‘மான்ஸ்டர்ஸ்’ 2010 மார்ச்சில் அமெரிக்காவின் சவுத் பை சவுத்வெஸ்ட் விழாவில் திரையிடப்பட்டது. அந்த வருடமே பிரிட்டிஷ் சுயாதீனத் திரைப்பட விருதுகளில் எட்வர்ட்ஸ் சிறந்த இயக்குநர் ஆனார். ஹாலிவுட் கதவைத் தட்டியது. 2011 தொடக்கத்திலேயே ‘காட்ஸில்லா’ அவர் கைக்கு வந்துவிட்டது. 5 லட்சத்திலிருந்து 16 கோடி டாலர் பட்ஜெட்டுக்கு ஒரே தாவல். 2014இல் வெளியாகி 50 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. இரண்டு மணி நேரப் படத்தில் காட்ஸில்லா முகம் காட்டுவது பத்து நிமிட அளவுதான் என்று ரசிகர்கள் குறைபட்டார்கள். எனக்கு அது குறையாகவே தெரிந்ததில்லை. ‘மான்ஸ்டர்ஸ்’ காலத்தில் ஜந்துவைக் காட்டக் காசில்லாமல் கற்றுக்கொண்ட அடக்கம், காசு வந்த பிறகும் அவரிடம் மிச்சமிருந்தது.

2016இல் வந்த ‘ரோக் ஒன்’ அவ்வளவு சுலபமாகக் கடந்துபோகவில்லை. சிறுவயதுக் கனவு நிறைவேறியது. ‘ஸ்டார் வார்ஸ்’ உலகத்திலேயே ஒரு படம். கடைசிக் காட்சிகளில், இளவரசி லேயாவின் கப்பலை விடுவிக்க நெம்புகோலை இழுக்கும் வீரராக அவரே வந்து போகிறார். ஒளிப்பதிவாளர் கிரெய்க் ஃபிரேசரோடு சேர்ந்து, தானே கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு நடிகர்களுக்கு நடுவே நுழைந்து எடுத்தார். ஆனால் படம் முடியும் தறுவாயில் ஸ்டுடியோ, திரைக்கதை ஆசிரியரும் இயக்குநருமான டோனி கில்ராயைக் கூட்டிவந்தது. திரைக்கதை திருத்தி எழுதப்பட்டது. 2016 கோடையில் நிறையக் காட்சிகள் மறுபடி எடுக்கப்பட்டன. வசூல் 100 கோடி டாலரைத் தாண்டியது. எந்தக் காட்சி யாருடையது என்று இன்றுவரை ரசிகர்கள் வாதாடுகிறார்கள். அந்த வாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. எடுத்துவிட்டுப் பிறகு கண்டுபிடிப்பது என்பது ஒரே ஆள் கேமராவையும் கம்ப்யூட்டரையும் எடிட்டிங் மேஜையையும் பார்த்துக்கொள்ளும்போது சுதந்திரம். அதையே வெளியீட்டுத் தேதி குறித்துவிட்ட 20 கோடி டாலர் படத்தில் செய்தால், மேலே இருப்பவர்கள் கண்ணுக்கு அது தீர்மானமின்மையாகத்தான் தெரியும். பழக்கம் ஒன்றுதான், அதைத் தாங்கும் அமைப்புதான் மாறிப்போனது.

அதன்பின் ஏழு வருடம் அவர் பெயரில் படமே இல்லை. இந்த இடைவெளியில் நடந்ததுதான், என்னைப் பொறுத்தவரை, அவர் வாழ்க்கையின் மிக முக்கியமான பகுதி. ‘ரோக் ஒன்’ முடிந்த கையோடு அமெரிக்காவைக் குறுக்காகக் கடந்து ஐயோவா மாநிலத்துக்கு காரில் போகும்போது, வயல்களுக்கு நடுவே ஜப்பானிய முத்திரை பொறித்த தொழிற்சாலை ஒன்று தென்பட்டது. உள்ளே ரோபோக்களைச் செய்கிறார்களோ? அதில் ஒன்று முதல்முறையாக வெளியே வந்து புல்லையும் வானத்தையும் பார்த்தால்? ரோபோக்களைப் பற்றிய அவருடைய அடுத்த படமான ‘தி கிரியேட்டர்’ அங்கே தொடங்கியது.

பழைய சூத்திரத்தை ‘மான்ஸ்டர்ஸ்’ அளவைவிடப் பெரிதாகச் செய்து பார்த்தார். லொகேஷன் பார்க்கப் போகிறோம் என்ற பெயரில், சிறிய கேமராவோடும் அகலத்திரைப் படத்துக்கான பழைய அனமார்ஃபிக் லென்ஸோடும் ஆசிய நாடுகளைச் சுற்றினார். அங்கே எடுத்த சாதாரணக் காட்சிகளின் மேல் ஐ.எல்.எம். என்ற எஃபெக்ட்ஸ் நிறுவனத்தின் கலைஞர்கள் ரோபோக்களையும் கட்டடங்களையும் வரைந்தார்கள். அந்தச் சோதனைத் துண்டைப் பார்த்துத்தான் பணம் போடுகிறவர்களுக்கு நம்பிக்கை வந்தது. 8 கோடி டாலர் கிடைத்தது. திரையில் தெரியும் பிரம்மாண்டத்துக்கு இதைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆகும் என்பதுதான் அப்போது எல்லோருடைய அனுமானமும்.

பெரும்பகுதி தாய்லாந்தில் படமானது. சில காட்சிகளுக்கு மட்டும் லண்டனுக்கு அருகே உள்ள பைன்வுட் ஸ்டுடியோவில், நடிகர்களுக்குப் பின்னால் பின்னணியைக் காட்டும் எல்.இ.டி. திரை அரங்கம். கேமரா சோனி எஃப்.எக்ஸ்.3. அப்போது சுமார் 4 ஆயிரம் டாலருக்குக் கடையில் யாரும் வாங்கக்கூடிய சாதனம். கல்யாண வீடியோ எடுப்பவர்கள்கூட வைத்திருப்பார்கள். இதைத் தேர்ந்தெடுத்ததற்குச் சிக்கனம் மட்டும் காரணம் இல்லை. ஒளியை உணரும் திறனை, அதாவது ஐ.எஸ்.ஓ.வை, 12,800 வரை ஏற்றி வைத்தாலும் அந்த கேமராவில் படம் சுத்தமாக வரும். அப்படியானால் இரவுக் காட்சிக்குக் கிரேன் வைத்து லைட் தூக்க வேண்டாம். எடை குறைந்த ஒரு எல்.இ.டி. விளக்கைக் கம்பில் கட்டி ஒருவர் மைக் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டால் போதும். நடிகர் இந்தப் பக்கம் திரும்பினால் விளக்கும் கூடவே திரும்பும். லைட் குறைந்தால் ஆள் குறையும், ஆள் குறைந்தால் வண்டி குறையும். அந்தச் சிறு படையை எட்டு நாடுகளுக்கு விமானத்தில் அனுப்புவது, ஒரு பெரிய செட் கட்டுவதைவிட மலிவு. கிரெய்க் ஃபிரேசர் வேறு படத்துக்குப் போக வேண்டியிருந்ததால், களத்தில் ஒளிப்பதிவைப் பார்த்துக்கொண்டவர் ஓரன் சோஃபர். படம் இருவர் பெயரிலும் வந்தது.

கேமரா முன்னால் நடந்துபோனவர்கள் சாதாரண உடையில் சாதாரணமாக நடந்தார்கள். யார் மனிதன், யார் இயந்திரம் என்று அப்போது யாருக்கும் தெரியாது. எடிட்டிங் முடிந்த பிறகு, இந்தப் பெண் இயந்திரமாக இருந்தால் நன்றாக இருக்கும், இந்த முதியவர் மனிதராகவே இருக்கட்டும் என்று முடிவு செய்தார்கள். அதனால்தான் அந்தப் படத்தின் ரோபோக்கள் யாரும் ரோபோ மாதிரி நடக்கவில்லை. வடிவமைப்பாளர் ஜேம்ஸ் கிளைன் உள்ளிட்டவர்கள் முடிந்த ஷாட்டின் மேலேயே வரைந்தார்கள். வெட்டி எறியப்போகும் காட்சிக்காக ஒரு கோடுகூட வீணாக வரைய வேண்டியதில்லை. சேமிப்பு பெரும்பாலும் அதில்தான்.

ஒன்றை மறைக்கக் கூடாது. இந்த முறையில் செலவு மாயமாய் மறைவதில்லை, இடம் மாறுகிறது. ‘மான்ஸ்டர்ஸ்’ படத்தில் அந்தச் செலவை ஏற்றுக்கொண்டது எட்வர்ட்ஸின் மாதக்கணக்கான உழைப்பு. ‘தி கிரியேட்டர்’ படத்தில், பச்சைத் துணியும், கம்ப்யூட்டர் அசைவைப் பின்தொடர ஒட்டும் அடையாளப் புள்ளிகளும் இல்லாமல் எடுத்த ஷாட்டுகளைக் கையில் வாங்கிய எஃபெக்ட்ஸ் கலைஞர்கள். அவர்கள் மொழி தெரிந்த இயக்குநர் என்பதால் எது முடியும், எது வீண் பாடு என்று அவருக்குத் தெரியும். அந்த அறிவு இல்லாத இயக்குநர்கள் ‘பிறகு சி.ஜி.யில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று இதைப் பின்பற்றினால், அது கலைஞர்களின் தூக்கத்தைத் திருடும் முறையாகிவிடும்.

எட்வர்ட்ஸிடம் பலவீனம் எது என்று கேட்டால், கதை. ‘மான்ஸ்டர்ஸ்’ படத்தில் பேச்சு குறைவு என்பதால் தெரியவில்லை. ‘தி கிரியேட்டர்’ 2023 செப்டம்பரில் வந்தபோது காட்சிகளைக் கொண்டாடியவர்களே, கதை எங்கேயோ பார்த்ததுபோல் இருக்கிறது என்றார்கள். அதில் நியாயம் உண்டு. இன்னொன்று எனக்குப் பட்டது: நேபாளம், தாய்லாந்து, வியட்நாம் எல்லாவற்றையும் கரைத்து ‘புதிய ஆசியா’ என்று ஒரே நாடாக்கியிருக்கிறார். இடங்களை இவ்வளவு அன்போடு பார்க்கும் கேமரா, அந்த இடங்களுக்கென்று உள்ள பெயரையும் பேச்சையும் கொஞ்சம் கேட்டிருக்கலாம். படம் உலகம் முழுக்க 10 கோடி டாலரைச் சற்றுத் தாண்டி நின்றது. செலவைப் பார்த்தால் லாபம் என்று சொல்ல முடியாது.

விஷுவல் எஃபெக்ட்ஸ், ஒலி இரண்டிலும் ஆஸ்கர் பரிந்துரை வந்தது. 2024 மார்ச்சில் எஃபெக்ட்ஸ் விருதை வாங்கியது ‘காட்ஸில்லா மைனஸ் ஒன்’. அதன் இயக்குநர் டகாஷி யமசாகியும் எஃபெக்ட்ஸ் துறையிலிருந்து வந்தவர். படத்தின் எஃபெக்ட்ஸ் மேற்பார்வையும் அவரேதான். 35 பேர் கொண்ட குழு, 610 ஷாட்டுகள், 1.5 கோடி டாலருக்கும் குறைந்த பட்ஜெட். ஒரு இயக்குநரே எஃபெக்ட்ஸ் ஆஸ்கரை வாங்குவது ஸ்டான்லி குப்ரிக்குக்குப் பிறகு அதுதான் முதல் முறை. பரிசு எட்வர்ட்ஸ் கைக்கு வரவில்லை; ஆனால் அவர் 14 வருடம் முன்பு படுக்கையறையில் நம்பிய விஷயத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

அடுத்ததாக அவர் எடுத்தது ‘ஜுராசிக் வேர்ல்ட்: ரீபர்த்’, 2025 ஜூலையில் வெளியானது. டேவிட் கெப் எழுதி வைத்த திரைக்கதை, 35 மி.மீ. ஃபிலிம், குறித்த தேதி. 2024 தொடக்கத்தில் ஒப்புக்கொண்டு ஒன்றரை வருடத்துக்குள் முடித்துக் கொடுத்தார். வசூல் 80 கோடி டாலரைத் தாண்டியது. இனியும் அவரைச் சுயாதீன இயக்குநர் என்று அழைக்கலாமா என்றால், அந்தப் படத்தை வைத்து அழைக்க முடியாது. சின்ன கேமராவோடு ஊர் சுற்றி, கதையைப் பிறகு தேடுகிற ஆள் அதில் இல்லை. ஆனால் ‘ரோக் ஒன்’ முடிந்தபோதும் இப்படித்தான் தோன்றியது. ஏழு வருடம் கழித்து அவர் லென்ஸோடு ஆசியாவில் நின்றார்.

அவரை இன்னும் பார்க்காதவர்கள் ‘மான்ஸ்டர்ஸ்’ படத்திலிருந்து தொடங்குங்கள். கடைசியில் ஆளில்லாத பெட்ரோல் பங்க் ஒன்று வரும். இரவு. கட்டடத்தை விட உயரமான இரண்டு உயிரினங்கள் ஒன்றையொன்று தேடி வந்து, கைகளால் தடவி, உடல் முழுக்க ஒளி ஓட நின்றுவிட்டு, வந்த வழியே பிரிந்து போகும். கீழே இரண்டு மனிதர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். படப்பிடிப்பு நடந்த இரவில் அவர்களுக்கு மேலே இருந்தது வெறும் வானம். எங்கே பார்க்க வேண்டும் என்று கேமராவுக்குப் பின்னாலிருந்து சொன்னவரே, பிறகு வீட்டில் தனியாக உட்கார்ந்து அந்த வானத்தில் அவ்விரண்டையும் வரைந்தார்.